அண்ணே என்று கூப்பிடாத வருடம்

போன மாதம் அவிசாவளையில் எங்கள் பஸ் ரப்பர் ஷீட் ஏற்றிய ஒரு லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. நல்ல மழை. ஜன்னலை மூடினால் வேர்க்கிறது, திறந்தால் அந்த நாற்றம். புளித்த பாலும் புகையும் ஈரச் சாக்கும் கலந்த நாற்றம் அது. பழகாதவர்களுக்குக் குடலைப் புரட்டும். என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, சீ, ஜன்னல மூடுங்க" என்றாள். நானோ இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட் அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். அந்த நாற்றத்தில்தான் எனக்குக் காதல் வந்தது என்று அவரிடம் சொல்லவா முடியும்?

ருவான்வெல்லைக்கு மேலே இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். எங்கள் தோட்டம் என்று வாய் நிறையச் சொல்கிறேனே தவிர, எங்களுக்கு இருந்தது லயம் என்ற வரிசை வீடுகளில் ஒரு காம்பரா, அதாவது ஒரே அறை. அடுத்த காம்பரா சித்தப்பா மாரிமுத்துவுடையது. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாததால் அவர்கள் வீட்டில் மிளகாய் தாளித்தால் நாங்கள் தும்முவோம். சித்தப்பாவின் மகன் லோகன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அத்தை மகனாகவோ மாமன் மகனாகவோ இருந்திருந்தால் நடக்கப் பழகும் முன்பே எங்கள் இருவரையும் சேர்த்துக் கேலி பேசியிருப்பார்கள். அப்பாவின் தம்பி மகனாயிற்றே. கூடப் பிறந்த அண்ணனும் அவனும் ஒன்றுதான்.

சுனாமி வந்த அடுத்த வருடம் எனக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை கிடைத்தது. ரப்பர் பால் வெட்டப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. எனக்குப் பத்தொன்பது வயது, பிள்ளை வளர்ப்பில் பெரிய நிபுணர் என்று நினைப்பு. லோகனுக்கு ஷீட்டைப் புகையில் காயவைக்கும் அறையில் வேலை. பால்மா கரைக்க வெந்நீர் வேண்டும், வெந்நீருக்கு விறகு வேண்டும், விறகோ அவனிடம் இருந்தது. ஒருநாள் விறகுக்கட்டை இறக்கிவிட்டு நிமிர்ந்தவனின் காலை ஒரு குழந்தை கட்டிக்கொண்டது. தூக்கினான். அது அவன் தோளில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போய்விட்டது. அங்கே கங்காணி சத்தம் போடுகிறார், இங்கே இவன் அசையாமல் நின்றுகொண்டு 'என்ன செய்றது?' என்று கண்ணாலேயே என்னைக் கேட்கிறான். குழந்தையை வாங்கக் கிட்டப் போனேன். அந்தப் புகை வாசம் மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், நான் தொலைந்தேன்.

அதற்குப் பிறகு 'அண்ணே' என்ற சொல் என் வாயில் வரவேயில்லை. அவனும் 'தங்கச்சி' என்பதை விட்டுவிட்டான். வேறு எப்படிக் கூப்பிடுவதென்று எங்கள் இருவருக்கும் தெரியாது. "இந்தா வெறகு", "அங்க வைங்க", இப்படியே ஒரு வருடம் ஓடியது. ஒருவர் மனதை ஒருவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை, தெரியாமலும் இல்லை. கோயிலுக்குப் போனால் அம்மனை நிமிர்ந்து பார்க்கப் பயம். அண்ணன் மீது ஆசைப்பட்டவளுக்கு எந்தச் சாமி துணை வரும்?

பிள்ளைக்காம்பராவில் என்னோடு மெனிக்கே என்று ஒரு சிங்களப் பிள்ளை வேலை செய்தாள். அவர்கள் சட்டம் கொஞ்சம் இளகியதாக இருந்தால் சிங்களத்தி ஆகிவிடுவதென்றே நான் முடிவு செய்திருந்தேன். சித்தப்பா மகனைக் கட்டலாமா என்று மெதுவாக விசாரித்தேன். ஆள் பெயர் சொல்லவில்லை. அவள் முகத்தைச் சுளித்து, "அனே, அபிடத் எஹெமமய்" என்றாள். எங்களுக்கும் அப்படியேதான் என்று அர்த்தம். அந்தக் கதவும் மூடிப்போனது.

பலாங்கொடையில் இருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் என்னைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். நான் சாப்பாட்டைக் குறைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பீலிக்கரையில், தண்ணீர்க் குழாயடியில், துணி துவைக்கும்போது அம்மா சோப்பைக் கல்லில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏன்டி, லோகன கொஞ்ச நாளா நீ அண்ணேன்னு கூப்புட காணோமே?"

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். கன்னத்தில் ஒன்று விழும் என்று காத்திருந்தேன். அம்மா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு ஈரக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அட பாவி மகளே. ஒன் சித்தப்பா ஒங்கப்பாவுக்குத் தம்பியே இல்லடி."

அப்பாவும் சித்தப்பாவும் றக்வானைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். எழுபத்தேழாம் வருடக் கலவரத்தில் அங்கே லயங்கள் எரிந்தபோது அப்பாவுக்கு இருபது வயது, சித்தப்பாவுக்குப் பதினான்கு. சித்தப்பாவின் ஆட்கள் அகதி முகாமுக்குப் போய் அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். காட்டுக்குள் ஒளிந்திருந்தவர் தனியாக நின்றுவிட்டார். இருவரும் நடந்தே இந்தப் பக்கம் வந்து வேலை கேட்டிருக்கிறார்கள். "கூடப் பொறந்தவனா?" என்று கணக்கப்பிள்ளை கேட்டாராம். தெரியாத பையனைச் சேர்க்கமாட்டார்கள் என்ற பயத்தில் அப்பா "ஆமாங்க" என்றிருக்கிறார். அந்த ஒரு சொல்லைத்தான் கிட்டத்தட்ட முப்பது வருடங்களாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

பீலித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டேன். சிரிப்புத் தாங்கவில்லை. அந்த நிமிடம் பட்ட நிம்மதியை, என் மகள் சுகமாகப் பிறந்த நாளில்கூட நான் பட்டதில்லை.

"இளிக்காத. அவங்க வேற ஆளுக, நாம வேற ஆளுக. தம்பின்னு சொல்லித்தான் எல்லா வீட்டுலயும் சாப்புட வச்சாரு ஒங்கப்பா. இப்ப இல்லன்னு சொன்னா சனங்க சும்மா விடுமா?" என்றார் அம்மா.

சொல்லாமல் இருந்தால் அண்ணனும் தங்கையும் கல்யாணம் கட்டினார்கள் என்று ஊர் காறித் துப்பும். சொன்னால் இத்தனை வருடம் சாதியை மறைத்து ஏமாற்றியவர் என்று அப்பாவைத் துப்பும். அம்மா அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் விஷயத்தைச் சொன்னார். சித்தப்பா வந்து, "அண்ணே, நாங்க வேற தோட்டத்துக்குப் போயிர்றோம், புள்ளைகள அங்க வச்சுக் கட்டிவச்சிக்கலாம், நீங்க இங்க நிம்மதியா இருங்க" என்றார். அப்பா எழுந்து சட்டையை மாட்டினார்.

தோட்டத் தலைவர் வீட்டுக்கு வெற்றிலைத் தட்டோடு போனோம். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அப்பா தட்டை நீட்டினார்.

"தலைவரே, மாரிமுத்து எங்கூடப் பொறந்தவன் இல்லீங்க" என்றார்.

தலைவர் ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். "அது தெரியுமே."

அப்பா தட்டைத் திண்ணையில் வைத்தார்.

"கூடப் பொறந்த ரெண்டு பேருக்கு ரெண்டு கொலசாமியாய்யா? நீ முனியாண்டிக்குக் கெடா வெட்டுற, அவன் மதுரைவீரனுக்குச் சேவ அறுக்குறான். வந்த வருசமே தெரியும் எங்களுக்கு."

"அப்ப ஏங்க ஒருத்தரும் கேக்கல?"

"வீடு எரிஞ்சு ஓடி வந்த ஆளுககிட்ட என்னத்தய்யா கேக்குறது?"

உள்ளேயிருந்து அவர் மனைவி, "கல்யாணம் எந்த மாசம்?" என்று குரல் கொடுத்தார்.

ஊர், பெயர், தாய் தகப்பன் கதை என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சோடித்த இரண்டு பேரும் குலசாமியை மட்டும் மறந்துபோயிருக்கிறார்கள். மறந்தார்களா, சாமியை மாற்ற மனம் வரவில்லையா, தெரியாது. இரண்டு பூசையிலும் கறி தின்றே வளர்ந்த எனக்கும் அது உறைக்கவில்லை. என் புத்தி அவ்வளவுதான்.

கல்யாணம் நடந்தது. இரண்டு வீட்டார் மட்டும் பந்தியில் உட்காராமல் சோடா குடித்துவிட்டுப் போனார்கள். அப்பாவும் சித்தப்பாவும் அன்றிலிருந்து சம்பந்திகள். "வாங்க சம்பந்தி", "நீங்க மொதல்ல உக்காருங்க சம்பந்தி" என்று விறைப்பாகப் பேசிப் பார்த்தார்கள். கள்ளுப் போத்தல் பாதியானதும் "டேய்", "அண்ணே" என்று பழையபடி ஆகிவிடும். என் வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் எனக்கு ரொம்ப நாள் தீராத பிரச்சினை. மகள் பிறந்ததும் 'பாப்பா அப்பா' என்று தப்பித்துக்கொண்டேன்.

யுத்தம் முடிந்த வருடம் அப்பா போய்ச் சேர்ந்தார். மொட்டையடிக்கப் பங்காளிகள் வாருங்கள் என்று சவரம் செய்யும் பரியாரி கூப்பிட்டார். அப்பாவுக்குப் பங்காளி என்று சொல்ல இந்த நாட்டில் ஒருவரும் இல்லை. சித்தப்பா போய்ப் பலகையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். சம்பந்தி மொட்டையடிக்கும் வழக்கம் எங்கேயும் கிடையாது. லயமே கூடி நின்றது. பந்தியில் உட்காராத அந்த இரண்டு வீட்டாரும் நின்றார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

தோட்டத்து ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுவிட்டார்கள். சித்தப்பாவும் இல்லை. லயத்தில் பாதி இடிந்துவிட்டது, சனங்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். நாங்கள் கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் ஒரு மாடிவீட்டில் இருக்கிறோம். அக்கம்பக்கத்தார் நல்ல மனிதர்கள்தான், குறை சொல்லமாட்டேன். குடிவந்த வாரமே எதிர்வீட்டு அம்மா எந்த ஊர், என்ன ஆட்கள், சொந்தத்திலா கட்டினீர்கள் என்று வரிசையாகக் கேட்டுவிட்டார். எல்லாம் தெரிந்துகொண்டு ஒன்றுமே கேட்காத சனத்தோடு வாழ்ந்தவள் நான்; தேத்தண்ணி ஊற்ற உள்ளே போய்விட்டேன்.