எண்ணெய் வைக்காத தலை

பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது தம்பி வந்து நின்றான். "அக்கா, தவமணி போயிட்டாளாம். அங்கேயிருந்து போன் வந்துச்சு" என்றான். குடம் வழிந்துகொண்டே இருந்தது. தவமணி அவன் மகள். தாயில்லாத அவளுக்கு வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் தலை வாரிவிட்ட அத்தை நான்.

அவளோடு படித்த நீங்கள் நினைவு மலருக்கு எழுதச் சொன்னீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எதையும் மறப்பதில்லை. "லயத்துப் புள்ளைக்கு எதுக்கு விஞ்ஞானம், கொழுந்துக்கூடை போதாதா?" என்று கேட்ட வாத்தியாரையும் மறக்கவில்லை. அவரும் இதைப் படிக்கட்டும்.

ராக்கெட்டில் வைத்து அனுப்பும் கருவி செய்வது வெளிநாட்டில் அவளுக்கு வேலை. சூரியனைச் சுற்றியும் காற்று மாதிரி ஒன்று இருக்கிறதாம். அதன் ஒளியை நம் காற்று கீழே விடாதாம். ராக்கெட் அதற்கும் மேலே ஏறி, சில நிமிஷம் பார்த்துவிட்டு விழுந்துவிடும். அந்தச் சில நிமிஷத்துக்காக வருஷக்கணக்கில் உழைத்தாள்.

முதல் தடவை படம் இருண்டுபோயிற்று. அதன்பின் லீவில் வந்தவள், நான் நல்லெண்ணெயைக் கையில் ஊற்றியதும் எழுந்துவிட்டாள்.

"வேணாம் அத்தே."

"வெள்ளைக்காரியாயிட்டியோ? பரட்டைத் தலையோட நிக்கிற."

"கருவிக் கண்ணாடியில எண்ணெய்ப் பசை படிஞ்சிருந்துச்சு அத்தே. நம்ம கண்ணுக்குத் தெரியாது, ஆனா அந்த வெளிச்சத்த முழுங்கிரும். யாருகிட்டேருந்து வந்துச்சுன்னு தெரியல. என் தலையாவும் இருக்கலாம்ல? அடுத்தது நல்லபடியா பாக்கட்டும். பொறகு வந்து தலையக் குடுக்குறேன், ஆசை தீர வைங்க."

அவள் திரும்பிப் போகும்வரை நான் முகம் கொடுக்கவில்லை. அவளோ சிரித்துக்கொண்டே என் பின்னால் திரிந்தாள்.

போன வருஷம் அடுத்த ராக்கெட் போயிற்று. படம் அனுப்பினாள். சூரியனை மறைத்த கறுப்பு வட்டத்தைச் சுற்றி, காற்றில் பறக்கும் நரைமுடி போல ஒளி. "பாத்திருச்சு அத்தே. எண்ணெய எடுத்து வைங்க" என்றாள். ஹட்டனில் புதுப் போத்தல் வாங்கி வைத்தேன். அதற்குள் படுத்துவிட்டாள். வியாதியை எங்களிடம் மறைத்தாள். அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

பெட்டியில்தான் வந்தாள். குளிப்பாட்டுமுன் எண்ணெய், சீயக்காய் வைக்க உறவுக்காரர்கள் நின்றார்கள். ஆளுக்கொரு சொட்டுத் தொட்டு வைப்பதுதான் வழக்கம். நான் அந்தப் போத்தலைத் திறந்து உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்த்தேன். மருந்தில் முடி பாதி கொட்டியிருந்தது.

"போதும்க்கா" என்றான் தம்பி.

"தலையக் குடுக்குறேன்னு சொன்னவ. நீ சும்மா இரு."

அவளுடைய சூரியப் படத்துக்குச் சட்டம் போட்டுச் சாமி படங்களோடு மாட்டியிருக்கிறேன். விளக்கின் எண்ணெய் தெறிக்காதபடி, கொஞ்சம் எட்டத் தள்ளி.