ஏழு பத்துக்குப் பிடுங்கிய பிளக்

ஞானசௌந்தரி அக்காவைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது. ஆனால் வேறு யார் எழுதப்போகிறார்கள்?

கீழ்க்கட்டளைக்காரர். சிட்லபாக்கத்தில் எங்கள் ஸ்கேன் சென்டரைப் பதினோரு வருடம் பெருக்கித் துடைத்தவர். காலை ஏழு மணிக்கு, செருப்பை வெளியே விட்டுவிட்டு சர்வர் ரூமுக்குள் போவார். "உன் ரூமு மட்டும் சில்லுனு கீது சார்" என்பார். அவர் வீட்டில் சுண்டல் செய்தால் எனக்கு ஒரு டப்பா வரும்.

அங்கே நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவன் நான், ஜெரோம். போன ஜூனில், ஸ்கேன் படங்களைப் பக்கத்துக் கட்டடத்துக்கு நகலெடுக்கும் பேக்கப் தினமும் பாதியில் நின்றது. எல்லா லைன்களும் வந்து சேரும் நெட்வொர்க் பெட்டியான ஸ்விட்சின் லாகைத் திறந்தேன். எந்த லைன் எப்போது அறுந்தது, எப்போது திரும்பி வந்தது என்று வரிவரியாக எழுதி வைத்திருக்கும். பக்கத்துக் கட்டட லைன் செருகியிருக்கும் போர்ட் பதினான்கு, தினமும் 07:10-க்கு டவுன், 07:25-க்கு அப். அந்த நேரத்தில் உள்ளே இருப்பது அக்கா மட்டும்தான்.

"மெஷின் பொய் சொல்லாது சார்" என்றேன் மேனேஜர் கதிரேசனிடம். என்ன ஒரு பெருமை எனக்கு!

"நான் ஒயரு மேல கையே வெக்கல சார்," என்றார் அக்கா. "வேலை போனா போவுது. பொய் சொல்றேன்னு மட்டும் சொல்லாத."

அன்றைக்கே அக்காவை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் பேக்கப் நின்றது. மூன்றாம் நாள் மத்தியானம், லாகைத் திறந்து வைத்தபடி சர்வர் ரூமிலேயே சாப்பிட உட்கார்ந்தேன். என் எலக்ட்ரிக் டிபன் பாக்ஸைச் சூடாக்க, வழக்கம்போல் பவர் போர்டில் லேபிள் இல்லாத ஒரு அடாப்டரைப் பிடுங்கினேன். சும்மா கிடக்கிறது என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். திரையில் புதிதாக ஒரு வரி விழுந்தது: 07:10, போர்ட் 14 டவுன். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது.

ஸ்விட்சில் நம் ஊர் நேரத்தை நான் செட் பண்ணவே இல்லை. வாங்கி வந்த நாளிலிருந்து அது கிரீன்விச் நேரத்தில், ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அடாப்டர்தான் பக்கத்துக் கட்டட லைனுக்குக் கரண்ட் கொடுத்தது. பேக்கப்பை நிறுத்தியது என் சாம்பார் சாதம்!

ஸ்விட்சின் கடிகாரம் தப்பு, அக்கா எதையும் தொடவில்லை என்று மட்டும் மேனேஜரிடம் சொன்னேன். "வேற ஆள் போட்டாச்சு, விடு ஜெரோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்க்கட்டளைக்குப் போனேன். அக்கா டீ போட்டுக் கொடுத்தார்.

"மெஷின்ல டைம் தப்பா ஓடியிருக்குக்கா. நீங்க எதையும் தொடல."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினார். "கேட்டியா எல்லம்மா? நான் பொய் சொல்லலன்னு சாரே வூடு தேடி வந்து சொல்றாரு!"

பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்போ யாரு சார் புடுங்குனது?"

"தெரியலக்கா" என்றேன், கோழைப் பயல்.

"கண்டுபுடிச்சா வேலைய வுட்டு எடுத்துடாதீங்க சார்," என்றார் அக்கா. "பாவம், அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கும்."