தோக்கு வீட்டு ஆம்பிளை

பாறசாலையிலிருந்து காரோடு என்ற ஊருக்குப் போகும் வழியில் ஒரு வீட்டுக்குத் தோக்கு வீடு என்று பெயர். துப்பாக்கியை எங்கள் பக்கத்தில் தோக்கு என்றுதான் சொல்வோம். வீட்டுப் பெயரைச் சொல்லி ஆளை அறிவது ஊர் வழக்கம். அந்த வீட்டுக்காரர் வேறு எதிலும் பேர் எடுத்தவர் இல்லை. கொல்லாமரத் தோப்பில், அதாவது முந்திரித் தோப்பில், வவ்வால் சுட லைசென்ஸ் வாங்கினார், பேர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் நடையே மாறிப்போனதாம். வவ்வால் ஒன்றுகூட விழுந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலத்தில், தோக்கு வைத்திருப்பவர்கள் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒப்படைத்தால் வீட்டுப் பெயர் என்ன ஆவது? தோக்கு கொல்லன் பட்டறையில் பழுதுக்குக் கிடக்கிறது என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டு, அதைத் தோட்டாவோடு தன் மகன் கையில் கொடுத்துத் தோப்புக் காவல்புரைக் குடிசையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். மகனுக்கு மீசைகூட அரும்பவில்லை. பையனைப் போலீஸ் சோதிக்காது என்பது அவருடைய மூளை. அந்த வாரம்தான் உதியன்குளங்கரைக் கூட்டத்தில் மகனை மேடையேற்றி, இவன் ஆம்பிளையாக்கும், இவனும் ஜெயிலுக்கு வருவான் என்று முழங்கினார். கை தட்டியவர்களில் என் அப்பாவும் உண்டு.

பையன் கையில் தோக்கு சும்மா இருக்குமா? என் அக்கா அந்தத் தோப்பில் சருகு வாரப் போனாள். புதரில் ஏதோ அசைந்ததாம், சுட்டானாம். ரவை பாய்ந்து அவளுடைய இடது கண் போயிற்று.

அப்பாவோடு நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இந்தக் கண்ணுக்கு நான் பொறுப்பு என்று ஒரு வாயாவது சொல்ல வேண்டும். மேடையில் முழங்கிய வாய் இன்ஸ்பெக்டர் முன்னால் குழைந்தது.

"அது சின்னப் பயலாக்கும், ஏமானே. அவனுக்கு என்ன தெரியும்?"

பட்டறையிலிருந்து தனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டான் என்றும் சொன்னார். அவர் நிலத்தில் குடியிருந்த கொல்லன் ஆமாம் என்று தலையாட்டினான். சின்னப் பையன் என்று மகனை எச்சரித்து அனுப்பினார்கள். சுட்டது அவர் இல்லை என்று அப்பனையும் விட்டார்கள். லைசென்ஸுக்கு மட்டும் அவர் பேர் வேண்டும், வெடித்தால் யார் பேரும் இல்லை. தூ! மறுநாள் ஒரு ஏத்தன் வாழைக்குலை கொடுத்தனுப்பினார். அம்மா அதைச் சுமந்துபோய் அவர் வாசலிலேயே போட்டுவிட்டு வந்தாள்.

எல்லை பிரித்தபோது எங்கள் ஊர் கேரளத்திலேயே நின்றது. பல ஆண்டு கழித்துப் பஞ்சாயத்துத் தேர்தலில் மகனுக்கு ஓட்டுக் கேட்டு, அவனையும் கூட்டிக்கொண்டு அவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். என்ன தோல் அது! மகன் இப்போது பெரிய ஆள், ஊர்ப் பொறுப்பைத் தாங்கும் பக்குவம் வந்தாச்சு என்றார். அக்கா முற்றத்தில் ஓலை முடைந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"மவன் பெரிய ஆளாயாச்சா, மொதலாளி? அப்பம் எனக்க கண்ணை இனி அவன்கிட்டக் கேக்கலாமா?"

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் சின்னப் பிள்ளையை இழுப்பதுபோல அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.