எட்டு டைல் தூரம்

எங்கள் வீட்டுக்காரர் கிருபாசங்கருக்குப் பயந்த சுபாவம் என்று நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். ஆறடி உயரம், முறுக்கு மீசை, பக்கத்துத் தெருவரை கேட்கும் குரல். சிங்காநல்லூரில் ஒரு பட்டறையில் முப்பது வருடமாக லேத் ஓட்டுகிறார். அந்த இரைச்சலில் கத்திப் பேசியே பழகிய தொண்டை. வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டால்கூட சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். சந்துக்குள் புகுந்த சாரைப்பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய்க் குளத்தங்கரையில் விட்டுவிட்டு வந்த ஆள் அவர்.

அந்த ஆளுக்குச் சின்ன உயிர் என்றால் நடுக்கம். பத்தொன்பது வயதில் இடது கையில் இரண்டு விரல்நுனிகளை மெஷினுக்குக் கொடுத்தவர். மிச்ச விரல்களெல்லாம் காய்ப்புக் காய்த்துக் கிடக்கும். எங்கள் பெண் நவ்யா பிறந்தபோது மூன்று மாதம் அவளைக் கையில் வாங்கவே இல்லை. தொட்டில் பக்கம் வந்து எட்டிப் பார்ப்பார், போய்விடுவார். கேட்டால், "என்ற கைக்கு அழுத்தமே தெரியாது அம்மணி, இரும்பு புடிச்ச கை" என்பார். ஊரே வந்து தூக்கிக் கொஞ்சியது, பெற்ற அப்பனைத் தவிர. அன்றைக்கு எனக்கு வந்த கோபம், பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதாகியும் ஆறவில்லை. சண்டை வரும்போதெல்லாம் அதைத்தான் முதலில் எடுப்பேன்.

அந்தப் பெண் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவள் தோழி ஒருத்தி வெளிநாடு போகும்போது தன் காக்டீலை இவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். ஹாஸ்டலில் பறவை வைக்கக் கூடாதாம். ஒரு சனிக்கிழமை கூண்டும் பையுமாக எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். கிளி ஜாதிதான், ஆனால் பச்சை இல்லை. சாம்பல் உடம்பு, மஞ்சள் தலை, இரண்டு கன்னத்திலும் ஆரஞ்சுப் பொட்டு, உச்சியில் ஒரு கொண்டை. பயந்தால் கொண்டை குச்சி போல நிமிர்ந்துவிடும். பெயர் மைலோ. என் வாயில் அது மயிலு ஆகிவிட்டது, சில நேரம் வெறும் குருவி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறுவதற்குள் நவ்யா ஒரு பட்டியல் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். ஃபேன் கூடாது. ஜன்னல் சாத்தியே இருக்க வேண்டும். நான்ஸ்டிக் தோசைக்கல் கூடாது, சூடேறினால் அதன் ஆவியே விஷமாம். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி, எந்தப் புகையும் ஆகாது. பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பா, ஒரு வாரத்துக்குக் கைய உள்ள விட்றாதீங்க. பக்கத்துல உக்காந்து மெதுவாப் பேசுங்க, போதும். எப்பவாச்சும் புடிக்க வேண்டி வந்துச்சுன்னா, நெஞ்சை மட்டும் அழுத்திப்போடாதீங்க. நெஞ்சு விரிஞ்சாத்தான் அதுக்கு மூச்சே."

போதாதா? மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்றைக்கே ஃபேனுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டார். ஜன்னல் திரைக்கெல்லாம் ஊக்குக் குத்தினார். கூண்டு ஆடினால் குருவி பயப்படும் என்று, அதை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டுக்கம்பி போட்டு முறுக்கினார். "ஒரு நூல் ஆடக் கூடாது" என்றார். பட்டறைக்காரர்களுக்கு எல்லாமே நூல் கணக்குத்தான். ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

திங்கட்கிழமை சாயங்காலம் வழக்கம்போல "புவனா, தண்ணி!" என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். மயிலு கூண்டுக்குள் படபடவென்று அடித்துக்கொண்டு மோதியதில் ஒரு இறகு உதிர்ந்து தரையில் விழுந்தது. அதை எடுத்துப் பார்த்தவர், அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் அவர் குரல் எழும்பவே இல்லை.

ஹாலில் கூண்டுக்கும் வாசல் சுவருக்கும் நடுவே எட்டு டைல். அன்றைக்கு எட்டாவது டைலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். மறுநாள் ஏழில். அங்கே உட்கார்ந்து குசுகுசுவென்று பேசுவார். "இன்னிக்கி ஒரு ஷாஃப்ட்டு, மயிலு, அரை நூல் கூடப் போயிருச்சு. மொதலாளி மொகத்தப் பாக்கோணுமே!" முப்பது வருடத்தில் என்னிடம் ஒரு ஷாஃப்ட் பற்றிச் சொன்னவரில்லை. தினமும் ஏழு மணிக்கு நவ்யா கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்பாள்: "அப்பா, இன்னிக்கி எத்தனை டைல்?" வியாழக்கிழமை "அஞ்சு கண்ணு" என்றார். அன்றைக்கு மயிலு அவர் பார்க்கும்போதே இரண்டு தினையைக் கொறித்துவிட்டது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில்தான் ராசாத்தாள் அக்கா வந்தார். நான் வீட்டில் இட்லி மாவு ஆட்டி விற்கிறேன், தெருவில் பாதிப் பேர் என்னிடம்தான் வாங்குவார்கள். பாத்திரத்தை நீட்டியவர் கூண்டைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங் புவனா, இதென்னங் பொம்மையாட்ட இருக்குது! இத்தன அழகா நான் ஒண்ணப் பாத்ததேயில்லீங்கொ!" என்று படாரென்று கையைத் தட்டினார்.

மயிலு மூலைக்குப் போனதுதான். அதற்குப் பிறகு தினையைத் தொடவில்லை, தண்ணீரைத் தொடவில்லை. இறகையெல்லாம் உப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தது. மத்தியானம் ஆனது, சாயங்காலம் ஆனது. நவ்யாவைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. பெண் நம்பி விட்டுவிட்டுப் போன உயிர். செத்துப்போனது என்று எந்த வாயால் சொல்வது?

ஐந்தரை மணிக்கு அவர் வந்தார். நான்காவது டைலில் உட்கார்ந்தார். "என்ன அம்மணி, மூச்சு விடுதா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. கண்ணு பட்டுப்போச்சு. அக்காவின் கண், அப்பேர்ப்பட்ட கண். நவ்யா பிறந்தபோது எத்தனை முறை சுற்றிப் போட்டிருப்பேன்! ஐந்து வரமிளகாய், ஒரு கை உப்பு, கொஞ்சம் கடுகு. கூண்டை மூன்று சுற்றுச் சுற்றினேன். கைக்குள் மூன்று தடவை துப்பினேன். சமையலறைக்குப் போய் இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பை எரியவிட்டேன்.

நீங்கள் கேட்கலாம், பட்டியலில் புகை ஆகாது என்று எழுதியிருந்ததே, உனக்கு அறிவு எங்கே போனது என்று. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக சாம்பிராணிகூடப் போடாமல் இருந்தவள் நான். ஆனால் சுற்றிப் போடுவதைப் புகை என்று எந்த வீட்டில் சொல்கிறார்கள்? அது வேறு. திருஷ்டி இருந்தால் மிளகாய் கமறாது, வாசமே வராது. குருவிக்குத்தான் கண்ணு பட்டிருக்கிறதே, பிறகு எப்படிக் கமறும்? நம்பித்தான் போட்டேன்.

கமறியது.

ஐயோ, அது என்ன கமறல்! நெஞ்சில் பிடித்து இழுத்தது. அடுப்பை அணைத்தேன், சட்டியைப் புறக்கடையில் வீசினேன், அதற்குள் ஹால் முழுக்கப் பரவிவிட்டது. ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கிறது. ஊக்கைக் கழற்ற முடியவில்லை, கண் தெரியவில்லை. ஃபேன் சுவிட்சைத் தட்டினேன், அதற்கு உயிரே இல்லை. அவர் இருமிக்கொண்டே எழுந்தார். மயிலு கம்பியிலிருந்து சரிந்து கூண்டின் தரையில் விழுந்தது. வாயைத் திறந்து, வாலை ஆட்டி ஆட்டி மூச்சுக்குத் திணறியது.

"கூண்டத் தூக்குங்க! வெளிய தூக்குங்க!" என்று கத்தினேன்.

இழுத்துப் பார்த்தார். ஒரு நூல் ஆடவில்லை. அவர் முறுக்கிய கம்பி அல்லவா, எப்படி ஆடும்!

"நீ எடு அம்மணி, உன்ற கைதான் சின்னது, நீ எடு" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

"என்ற கையெல்லாம் மொளகாய்ங்க! நான் தொட்டா கண்ணு எரிஞ்சே செத்துப்போயிருமுங்க! நீங்க எடுங்க!"

அவர் தன் இரண்டு கையையும் ஒருதரம் பார்த்தார். இவர் எடுக்கமாட்டார், தொட்டில் பக்கம் நின்ற மாதிரி நின்றுவிடுவார், குருவி கண்ணெதிரே போய்விடும் என்று நினைத்தேன்.

கூண்டுக் கதவைத் திறந்து கையை விட்டார். மயிலு சீறிக்கொண்டு விரலைக் கவ்வியது. கையை இழுக்கவில்லை. கவ்விய விரலை அப்படியே விட்டுவிட்டு, மற்றக் கையால் அடியில் ஏந்தி, நெஞ்சைத் தொடாமல், முதுகோடு சேர்த்து எடுத்தார். சட்டைக்குள் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார். இத்தனை பெரிய உடம்பு அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. விரலிலிருந்து படிக்கட்டெல்லாம் சொட்டுச் சொட்டாக ரத்தம்.

காற்றில் மூச்சுக் கொஞ்சம் தேறியது. ஆனால் கண் திறக்கவில்லை. கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். அவர் பின்னால் உட்கார்ந்து சட்டையைப் பொத்திக்கொண்டார். பீளமேட்டில் பறவைக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரம்மா இருப்பதாக நவ்யாதான் பட்டியலின் அடியில் எழுதியிருந்தாள். காமராஜர் ரோட்டில் அந்த நேரத்து நெரிசல் தெரியுமல்லவா? ஹோப்ஸ் சிக்னலில் நின்றபோது, "மூச்சு இருக்குதுங்களா?" என்று கேட்டேன். "இருக்குது. ஓட்டு" என்றார். அடுத்த சந்தில் மறுபடி கேட்டேன். பதில் வரவில்லை. திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டே ஓட்டினேன். வாய் மட்டும் மாசாணியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

டாக்டரம்மா மெர்சி குருவியை வாங்கி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஆக்சிஜன் விட்டார். "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "தாளிக்கையில மொளகா கருகிப்போச்சுங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். கண்ணாடிப் பெட்டியை அங்கிருந்து பார்க்கலாம். அரை மணி நேரம் இருக்கும். அவர் விரலில் என் கைக்குட்டையைச் சுற்றியிருந்தேன். திடீரென்று கேட்டார்.

"ஏம்மிணி, சட்டைக்குள்ள வெச்சிருந்தப்போ நெம்பச் சூடா இருந்துச்சு. அவளும் இப்புடித்தான் சூடா இருந்தாளா?"

"எவ?"

"நம்ம புள்ள. பொறந்தப்போ."

இருபத்திரண்டு வருடமாக இந்த மனுஷனை வெட்டவும் குத்தவும் நான் சேர்த்து வைத்திருந்த பேச்சு எவ்வளவு! ஒன்றுகூட வாயில் வரவில்லை. "ஆமாங்க" என்றேன். "இப்புடித்தான் இருந்தா."

ஏழு மணிக்குச் சற்று முன் டாக்டரம்மா கூப்பிட்டார். மயிலு பெட்டிக்குள் நின்றுகொண்டிருந்தது. கொண்டை குச்சியாக நிமிர்ந்திருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "தப்பிச்சிருச்சு. நாலு நாள் கவனமாப் பாத்துக்கோங்க" என்றார் டாக்டரம்மா. காலையிலிருந்து அது எதையும் தொடவில்லை என்று சொன்னேன். "காலைல சாப்பிடாததுக்கு நோய் காரணமில்லம்மா. புது வீடு, புது ஆள், சத்தம். பயந்திருக்கு, அவ்வளவுதான்."

அதை மிளகாய் எனக்கு முன்னாலேயே சொல்லிவிட்டதே! கமறியதென்றால் திருஷ்டியே இல்லை என்றுதானே அர்த்தம். வெறும் பயத்தை நான் திருஷ்டியாக்கி, அதை ஓட்டப் போய் உயிரையே ஓட்டப் பார்த்தேன்.

டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன். படியிறங்கும்போதே ஃபோன் அடித்தது. நவ்யா. "எதுக்குமா இத்தனை மிஸ்டு கால்? மீட்டிங்ல இருந்தேன்."

மறைக்கலாம் என்று அவர் கண்ணைக் காட்டினார். எனக்கு மனசு ஒப்பவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மா தப்புப் பண்ணிப்போட்டேன் கண்ணு" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"கூண்டத்தான் கட்டிப்போட்டிருக்கே, யாரும்மா வெளிய எடுத்தது?"

"உங்கப்பா."

"அப்பாவா? கையிலயா?"

"கையிலதான்."

மறுபடி மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "அப்பாகிட்டக் குடுங்க" என்றாள்.

ஃபோனை அவர் காதில் வைத்துப் பிடித்தேன். அவருடைய இரண்டு கையும் சட்டைக்குள் வைக்காமல் குருவியைப் பொத்திக்கொண்டிருந்தன. ஸ்பீக்கர் இல்லாமலே எனக்கு அவள் குரல் கேட்டது, தினமும் கேட்கிற அதே கேள்வி.

"அப்பா, இன்னிக்கி எத்தனை டைல்?"

"டைல் தீந்துபோச்சு கண்ணு" என்றார்.