புழு வளர்த்த அறை

குற்றாலத்தில் சாரல் இறங்கிவிட்டால் எங்கள் தெருவில் யாருக்கும் சொந்த வீட்டில் இடம் கிடையாது. அருவிக்கு வருகிறவர்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டுவிட்டு எல்லோரும் அடுப்படிக்குள் முடங்கிக்கொள்வார்கள். அதில் முதலில் கிளப்பப்படுகிறவள் நானாகத்தான் இருப்பேன் என்று எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும்.

புருஷன் வேண்டாம் என்று நான் பெட்டியோடு வந்து நின்றபோது அண்ணன் பின்பக்கத்து அறையைக் கொடுத்தான். "இது ஒம் வீடுட்டி, இங்கன இரு" என்றான். மடச்சி, நம்பினேன். சும்மா உட்கார்ந்து தின்கிறாள் என்று மதினி வாயெடுப்பதற்குள் கொல்லையில் கோழி வளர்க்கத் தொடங்கினேன். தீவனம் வாங்கச் சொன்னபோதெல்லாம் அண்ணன் முகம் சுருங்கியது. போனில் வீடியோ பார்த்துப் பழகி, கோழிக்குப் போட நானே புழு வளர்த்தேன். மீல்வார்ம் என்பார்கள். மஞ்சளாக, சுண்டுவிரல் நீளம்கூட வராது.

அகலமான பிளாஸ்டிக் டப்பில் கோதுமைத் தவிடு, மேலே ஒரு துண்டு கேரட். அதற்கு அவ்வளவு போதும். தவிட்டுக்குள்ளேயே தின்று, தோல் உரித்து, கறுப்பு வண்டாகி, முட்டையிட்டு, மறுபடி புழுவாகும். கடிக்காது, சத்தம் போடாது. அந்த வீட்டில் என்னைவிட அடக்கமாக இருந்தவை அவைதான். ஈரம் மட்டும் ஆகாது. தவிடு நமுத்தால் பூஞ்சணம் பிடித்து எல்லாம் செத்துப்போகும். அதனால் டப்புகளைக் கட்டிலுக்கடியில் வைத்து, மேலே நான் படுத்துக்கொண்டேன். புழுவைப் பார்த்து மூக்கைச் சுளித்த மதினி, முட்டையை மட்டும் சுளிக்காமல் வாங்கிக்கொண்டாள்.

போன சீசனில் அண்ணன் வந்து சொன்னான்: "சென்னைல இருந்து ஒரு குடும்பம் வருது. ஒன் ரூமையும் கேக்காங்க. சீசன் முடியுத வரைக்கும் அடுப்படில படுத்துக்கோ."

"புழுவ எங்கன வைக்க?"

"புழுதான, எங்கனயாவது வை."

அடுப்படியில் வைக்க மதினி விடவில்லை. கொல்லையில் சாரல் அடித்தது. கடைசியில் அதே அறையின் பரணில் ஏற்றினேன். வந்தவர்கள் கண்ணில் படக்கூடாதென்று மதினி ஒரு பழைய போர்வையை எடுத்து டப்புகளை மூடினாள்.

"மதினி, டப்பு வழுக்கும், வண்டு ஏறாது. போர்வை உள்ள தொங்குனா அதப் புடிச்சு ஏறிரும்" என்றேன்.

"எல்லாம் எங்களுக்கும் தெரியும்" என்றாள்.

அவர்கள் வந்து தங்கிய மறுநாள் காலையில் அந்தச் சென்னை அம்மாவின் தலையணையில் வண்டு விழுந்தது. அலறலில் வீடே கூடியது. "இப்பவே காலி பண்றோம்" என்று அவர் கணவர் குதித்தார். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டான். நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"சார், சார், கோவப்படாதீங்க. இது வீட்டு வேலைக்கு நிக்குதவ வச்சது. சொன்னா கேக்க மாட்டா" என்றவன், என் பக்கம் திரும்பி, "ஏட்டி, அத எடுத்து வெளிய கொட்டு" என்றான்.

மதினி தரையைப் பார்த்தாள். சமாளிக்கச் சொன்ன பேச்சு, தனியாக வந்து ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். வந்தான். "ஒரு பெட்டையப் புடிச்சுக் கொழம்பு வை. அவங்க கோவம் தணியட்டும்" என்றான்.

டப்புகளைக் கொல்லைக்குத் தூக்கிப்போனேன். அண்ணனைக் கண்டால் கோழிகள் ஓடும், என்னிடம்தான் வரும். தவிட்டோடு புழுக்களை ஈரத்தரையில் கொட்டினேன். எத்தனையோ மாதம் வளர்த்தவை. எல்லாக் கோழிகளும் விழுந்தடித்து வந்தன. பழுப்புப் பெட்டைதான் என் காலடியில் நின்று தலை நிமிராமல் கொத்தியது. அப்படியே இறக்கையைச் சேர்த்துப் பிடித்தேன். கத்தக்கூட இல்லை. அண்ணன் அறுத்தான், நான் மசாலா அரைத்தேன். மிக்ஸி ஓடிய சத்தத்தில் அவனை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

மத்தியானம் அவர்கள் அருவியில் குளித்துவிட்டு வந்து சாப்பிட்டார்கள். நான் பரிமாறினேன். அண்ணன் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"குழம்பு பிரமாதம்" என்றார் அந்த அம்மா. காலையில் கத்தியவர் போலவே இல்லை. "எங்க வீட்டுக்கும் ரொம்ப நாளா ஆள் தேடிட்டிருக்கோம். எங்களோடயே வந்து தங்கிடறியா?"

அண்ணன் சிரித்தான். "அவளா..." என்று இழுத்தான். அவ என் தங்கச்சி என்று சொன்னால் போதும். அதற்காகக் கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். காலையில் செய்ததையெல்லாம் அந்த ஒரு சொல்லுக்காக மன்னித்திருப்பேன்.

அவன் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

நான் அந்த அம்மாவின் இலையில் இன்னொரு துண்டு கறி வைத்தேன்.

"எனக்குன்னு ஒரு ரூம் உண்டாம்மா?" என்று கேட்டேன்.