சிறை வாசலில் முதல் வாய்

சிறைக்கு எதிரே சோற்றுப் பார்சல் கட்டி விற்பவளுக்கு, தான் சமைத்ததை இன்னொருவர் குத்திக் கிளறுவதைத் தினமும் பார்க்கிற மனம் வேண்டும். தேயிலைத் தோட்டங்களிலிருந்து விடியலில் பஸ் ஏறி வந்து சிறை வாசல் வரிசையில் நின்ற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் இருப்பவர்களுக்கு வெளிச்சோறு கொடுக்கலாம் என்பதால்தான் என் கடையே நடந்தது.

பிளந்த முட்டை

கடை போட்ட புதிதில் சோற்றுக்கு நடுவே முழு முட்டை வைத்துக் கட்டினேன். கேட்டில் காவலுக்கு நின்ற பண்டா மாத்தியா (சிங்களத்தில் மாத்தியா என்றால் ஐயா) அதை நாலாகப் பிளந்தார். வாழைப்பழத்தை உரித்தார், குளிக்கிற சவர்க்காரத்தை வெட்டினார், மீனை விரலால் நசுக்கினார். மனம் பொறுக்காமல் போய்க் கேட்டேன். ஒருமுறை மீன் வயிற்றுக்குள் பிளேடு போயிருக்கிறதாம். உள்ளே படுக்க இடமில்லாமல் முறை வைத்துத் தூங்குகிறார்களாம். அந்த நெருக்கடியில் ஒரு பிளேடு என்ன செய்யும் என்று அவர் என்னையே கேட்டார். கடைசியில் சிங்களத்தில் சொன்னார்: “அக்கே, நான் வெட்ட வேண்டியதை நீங்களே வெட்டி அனுப்புங்க. எனக்குப் பாவம் குறையும்.”

ஒரு வாய்

இன்னொரு சட்டமும் இருந்தது. சோறு கொண்டுபோகிறவர் கேட்டிலேயே ஒரு வாய் தின்று காட்ட வேண்டும். முன்பு யாரோ கொண்டுவந்த சோற்றைத் தின்ற கைதி வாந்தியெடுத்து விழுந்ததில், கேட்டில் நின்றவருக்கு வேலை போனதாம்.

செல்லம்மாக்கா தெரணியகலைப் பக்கம் கொழுந்து பறிக்கிறவர். மகன் ரவியிடம் அடையாள அட்டை இல்லையென்று பொலிஸ்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். அவன் வெளியே வரும்வரை சோறு தொடுவதில்லை என்று அக்கா மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தார். ரொட்டியும் பால் விடாத சாயத்தண்ணியும்தான். பார்சலோடு கேட்டில் போய் நின்றவரை ஒரு வாய் சாப்பிடச் சொன்னதும் அப்படியே நின்றுவிட்டார். நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். பண்டா மாத்தியா தலையைச் சொறிந்தார். “சாமிகிட்ட நீங்க பேசிப் பாக்கலாம் அக்கே. என் பெரிய மாத்தியாகிட்ட நான் பேச முடியாது.”

சின்னம்மா

ஒரு கைதியைப் பார்க்க ஒருவர்தான் உள்ளே போகலாம். பதற்றத்தில் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன்: என்னை ரவியின் சின்னம்மா என்று பதியட்டும், நான் தின்று காட்டிக் கொண்டுபோகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பார்க்க வருகிறவர்களைப் பதியும் புத்தகத்தில் எழுத்துக் கூட்டிப் பொய்யாகக் கையெழுத்துப் போட்டேன். அக்கா வெளியே நின்றார்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ரவி வந்தான். என்னைப் பார்த்தான், எனக்குப் பின்னால் பார்த்தான். அம்மா வாசலில் நிற்கிறார் என்று சத்தியம் செய்தும் நம்பவில்லை. பார்சலைத் தொடவில்லை. நான் திரும்பும்வரை ஒரே கேள்விதான்: “மறைக்காம சொல்லிருங்க, அம்மா செத்துப் போச்சுங்களா?”

தவணை

இதைக் கேட்ட அக்கா அடுத்த வாரம் கேட்டிலேயே பார்சலைப் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் சோற்றை மருந்து மாதிரி விழுங்கினார். உள்ளே போய் மகனைப் பார்த்தார். அவனும் சாப்பிட்டான். ஆனால் அதற்குப் பிறகு வந்த கோர்ட்டுத் தவணையில், அவன் யாரென்று உறுதிசெய்யும் தோட்டத்துக் கடிதம் வந்து சேரவில்லையென்று வழக்கைத் தள்ளிப்போட்டார்கள். என் சோறுதானே அவர் நேர்த்தியை முறித்தது என்று கோர்ட்டு வாசலில் நானே அக்காவிடம் சொன்னேன். அக்கா என்னைத் திட்டவில்லை. கோர்ட்டுப் படியில் உட்கார்ந்து, மேலே பார்த்துக் கேட்டார்: “ஒரு வாய்க்கு ஒரு மாசமா, தாயே?”

முதல் வாய்

தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்ட கடிதம் ஒருவழியாக வந்தது. ரவி வெளியே வந்த அன்று இருவருக்கும் என் கடையில் சோறு போட்டேன். அக்காவின் கை தட்டுக்குப் போகவில்லை. “சொன்ன சொல்லக் காப்பாத்தாதவ நான், தங்கச்சி. இன்னைக்கும் தின்னா திரும்பப் புடிச்சிட்டுப் போயிருவாங்களோன்னு இருக்கு” என்றார்.

அடுத்த மேசையில் பண்டா மாத்தியா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ரவி அம்மாவின் தட்டிலிருந்து ஒரு வாய் அள்ளித் தின்றான். விழுங்கிவிட்டு, வெறும் வாயை அவருக்குத் திறந்து காட்டினான். அவர் கோப்பைக்குள் குனிந்துகொண்டார். ரவி விடவில்லை: “மாத்தியா, தின்னு காட்டியாச்சு. இனி எங்கம்மா சாப்பிடலாம்தானே?”

அக்கா அன்று தட்டை வழித்துச் சாப்பிட்டார்; நானோ இன்றைக்கும் என் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட முட்டையை நாலாகப் பிளந்து, ஒரு வாய் தின்று பார்த்துத்தான் போடுகிறேன்.