மூடி திறந்துதான் இருந்தது

எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார் சிரில். மீட்டர் பெட்டி, ரைஸ் குக்கர், தேவாலயத்து மைக், யாராவது நீட்டும் தேத்தண்ணிக் கோப்பை, எல்லாம் அவருக்கு ஒன்றுதான். "உள்ளங்கையில தொட்டா கரண்டு விடாதுலா, இறுக்கிப் புடிச்சிக்கும். பொறங்கைன்னா ஒதறி விட்ரும்" என்பார். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வயர்மேன் வேலை பார்த்த கை அது. ஓய்வு பெற்று ஏழு வருடமாகியும் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

பிரிஞ்சாங் மலையூரில் கடைகளுக்குப் பின்னால் மேட்டில் இருக்கிறது வீடு. பல் கிட்டிக்கும் குளிரிலும் படுக்கும்போது மேசை விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஓடவிட்டு, இரண்டு போர்வைக்குள் புகுந்துகொள்வார். அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்து லைன் வீடு, இலை வாட்டும் பெரிய விசிறிகளுக்கு நேர் பின்னால் இருந்தது. அந்த இரைச்சல் காதில் விழாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. "ஊரே கம்பளி தேடுது, இந்த மனுசன் ஃபேன் போடுறாரு" என்று மனைவி கரேன் சொல்லாத நாளில்லை.

அந்த லைன் இப்போது இல்லை. இடித்துவிட்டார்கள். குடியிருந்தவர்கள் ஈப்போ, கிள்ளான் என்று கீழே போய்விட்டாலும் டிசம்பரில் ஒரு நாள் மேலே வந்து கூடுகிறார்கள். இந்த வருடம் பழைய போட்டோக்களைப் பெரிய வெள்ளைத் துணியில் காட்டுவதாகச் சிரில் வாக்குக் கொடுத்திருந்தார். பிஸ்கட் டின்களிலும் பைபிளுக்குள்ளும் கிடந்த படங்கள் வந்து சேர்ந்தன, இருநூற்று நாற்பது. ஒவ்வொன்றையும் மடிக்கணினியில் ஏற்றி, அடியில் இடமிருந்து வலமாகப் பெயர்களைத் தட்டி வைப்பார். மடிக்கணினி யாரோ பாவித்துக் கழித்தது. "இதுல விண்டோஸ் போட்டா மேட்டுல லோடு லோரி ஏறுன மாதிரி மூச்சு வாங்குது" என்று அவரே லினக்ஸ் போட்டுக்கொண்டார்.

பழைய முகங்கள் பலவற்றின் பெயர்கள் அவருக்குத் தெரியாது. அவை அற்புதம்மாளின் நாக்கில் இருந்தன. நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர், எழுபத்தாறு வயது. கோலா தெர்லாவில் மகள் வீட்டில் இருக்கிறார். புதன்கிழமை தோறும் காய்கறி லோரியில் ஏறி வந்து, சிரிலின் பக்கத்தில் உட்கார்ந்து, இடக்கையை மடிக்கணினி மேல் ஊன்றிக்கொண்டு வலக்கை விரலால் முகங்களைத் தொடுவார். "இது செல்லம். இவ சிரிச்சா மூணாவது மலைக்குக் கேக்கும். இது முனியாண்டி, ஒரே சட்டையில ரெண்டு கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனா நின்னவன்." சிரில் தட்டத் தட்ட, திரை சட்டென்று இருண்டுவிடும். திரும்பத் தெளிந்ததும் கடவுச்சொல் கேட்கும்.

"பாத்தியா சிரிலு, என்னயப் பாத்தாலே மூஞ்ச மூடிக்குது."

முதல் வாரம் இருவரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் ஆறு தடவை மூடிக்கொண்டது. மூன்றாவது வாரம், பிரசவத்தில் செத்துப்போன தன் கூட்டாளி பவளத்தின் மேல் அற்புதம்மாள் விரலை வைத்த நேரம் பார்த்து இருண்டது. விரலை எடுத்துக்கொண்டார்.

"செத்தவங்களுக்கு நாம பேரு சொல்லிக் கூப்புடறது புடிக்கல போல. விட்ரு தம்பி."

அடுத்த புதன் அவர் வரவில்லை. நூற்று ஐம்பது படங்கள் பெயரில்லாமல் கிடந்தன.

அந்த மூன்று வாரமும் செய்து பார்த்ததை எழுதிய நோட்டைச் சிரில் எடுத்தார். தொழிற்சாலையில் எந்த மெஷின் படுத்தாலும் செய்ததையெல்லாம் நேரத்தோடு எழுதி வைப்பது அவர் வழக்கம். தானாகப் பூட்டுவதை நிறுத்தியாயிற்று. திரை அணைவதை 'ஒருபோதும் வேண்டாம்' என்று வைத்தாயிற்று. ஸ்கிரீன்சேவரையே பிடுங்கி எறிந்தாயிற்று. இப்போது கரேனை அதே நாற்காலியில் அரைமணி நேரம் உட்காரவைத்தார். ஒன்றும் ஆகவில்லை. "அப்ப அந்தக்கா சொன்னதுதான் சரி போல" என்று கரேன் எழுந்து போனார். பேய்க்குச் சிரில் பயந்ததில்லை. அற்புதம்மாள் இனி வரவே மாட்டாரோ என்ற பயம்தான்.

கடைசியில், மடிக்கணினி தன்பாட்டுக்கு எழுதி வைக்கும் பதிவுகளைத் திறந்து அந்தப் புதன்கிழமைகளைத் தேடினார். இருண்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரே வரிதான் இருந்தது: மூடி மூடப்பட்டது.

"மூடி தொறந்துதானலா இருந்துச்சி!" என்று எழுந்தே விட்டார். தொழிற்சாலையில் இலை உலர்த்தும் மெஷினின் கதவிலும் ஒரு ஸ்விட்ச் உண்டு. அது பழுதாகி ரோசாக் ஆனால், மூடிய கதவைத் திறந்த கதவென்று நம்பி மெஷின் நின்றுவிடும். இங்கே தலைகீழாக நடக்கிறது. மூடியில் ஒரு காந்தம், அது நெருங்குவதை அறிய உடம்பில் ஒரு ஸ்விட்ச், இவ்வளவுதானே? ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையைப் பிய்த்து வந்து மடிக்கணினியின் விளிம்பில் நகர்த்தினார். இடது மூலைக்கு வந்ததும் திரை இருண்டது.

அற்புதம்மாளின் இடக்கை ஊன்றுகிற இடம் அது. அந்த மணிக்கட்டில் ஒரு கறுப்பு வளையல் கிடந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கை வலிக்கு நல்லதென்று பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய காந்த வளையல்.

"வளையலைக் கழட்டி வைக்கச் சொன்னா முடிஞ்சிச்சில்ல?" என்றார் கரேன்.

"அவுங்க கை வலிக்குது. மெஷினுக்கு என்னா வலி?" என்ற சிரில், மூடி மூடினாலும் ஒன்றும் செய்யாதே என்று மடிக்கணினிக்குக் கட்டளை எழுதி, மறுநாள் காலை அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு கோலா தெர்லாவுக்குப் போனார்.

அற்புதம்மாள் கிட்டே வரவில்லை. சிரில் அவர் கையைப் பிடித்து, வளையலோடு அதே மூலையில் வைத்தார். திரை அப்படியே நின்றது.

"கோவம் போயிருச்சா அதுக்கு?"

"கோவமே இல்லக்கா. ஒங்க வளையல் காந்தம். மூடிதான் மூடுதுன்னு நம்பி இது தூங்கப் போயிருச்சி."

அற்புதம்மாள் இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு பவளத்தின் படத்தைத் தேடச் சொல்லி, அவள் முகத்தில் விரலை வைத்து வெகுநேரம் எடுக்காமல் இருந்தார்.

அன்று முப்பது படங்கள் ஓடின. அதற்குப் பிறகு வந்தது, கொழுந்து நிறுக்கும் கொட்டகை முன்னால் பன்னிரண்டு பெண்கள் கூடையோடு நிற்கும் படம். பதினோரு பேர் நேரே பார்க்கிறார்கள். ஓரத்தில் நிற்பவள் மட்டும் முகத்தைத் திருப்பியிருந்தாள். ஒரு காதும் தோடும்தான் தெரிந்தன.

"இது ஒங்கம்மாடா. லூர்துமேரி."

சிரில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஏன்க்கா அந்தப் பக்கம் பாக்குறாங்க?"

"ஒன்னயத்தான். ஆபீஸ் கிராணி போட்டோ புடிக்கிற நேரத்துல பக்கத்துல நிக்காம ஓடிட்ட. எல்லாரும் நேரா பாருங்கன்னு அந்தாளு கத்துறாரு, இவ 'சிரிலு, வாடா, வாடா'ன்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தா."

சிரில் பதினோரு பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டினார். பன்னிரண்டாவதாக லூர்துமேரி. பிறகு ஒரு காற்புள்ளி வைத்து, தன் பெயரைத் தட்டினார்.

"நீதான் படத்துல இல்லியே தம்பி" என்றார் அற்புதம்மாள்.

சிரில் அழிக்கவில்லை. அப்படியே சேமித்தார்.